மூன்று வீட்டு இங்கிலீஷ்

என் கல்யாணச் சேலைகளில் ஒன்றை மாடு தின்றதிலிருந்துதான் எங்கள் இங்கிலீஷ் தொடங்கியது.

ஏற்காட்டுக்கு மேலே, கொட்டச்சேட்டுக்குப் போகும் வழியில், ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட்டில் என் கணவர் கணக்கெழுதும் ரைட்டர். உத்தியோகஸ்தர்களுக்கென்று சரிவில் மூன்று ஓட்டு வீடுகள் இருந்தன. நடு வீடு எங்களுடையது. ஒரு பக்கம் கம்பவுண்டர் குடும்பம், மங்களூர்க் கிறிஸ்தவர்கள், வீட்டில் கொங்கணி. மறுபக்கம் மெக்கானிக், விசாகப்பட்டினத்திலிருந்து வந்த தெலுங்கர். மூன்று குடும்பமும் மலைக்குப் புதிது. ஆண்களுக்கு ஆபீஸில் இங்கிலீஷ் இருந்ததால் குறையில்லை. பெண்கள் நாங்கள் வேலிக்கு மேலாக ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தே ஒரு மாதத்தை ஓட்டினோம்.

ஒருநாள் மெக்கானிக் மனைவி வேலியருகே நின்று என்னைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினாள். ஏதோ விசாரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துத் தலையாட்டினேன். அவள் இன்னும் கத்தினாள். நான் இன்னும் சிரித்தேன். அப்போது கம்பவுண்டர் மனைவி வெளியே ஓடிவந்து, "கௌ! கௌ!" என்றாள். அது எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கொடியில் காயப்போட்ட சேலையின் முந்தானை மாட்டின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

மூன்று பேரும் சேர்ந்து மாட்டை விரட்டிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று மாலையே பேச ஆரம்பித்துவிட்டோம். கம்பவுண்டர் மனைவி கான்வென்டில் சில வகுப்புகள் படித்தவள். அவளுடைய இங்கிலீஷில் ப்ளீஸும் தேங்க்யூவும் அதிகம். என் அப்பா சேலம் ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேன். நான் சிக்னல், லேட், டேஞ்சர், லைன் கிளியர் என்று கேட்டு வளர்ந்தவள். மெக்கானிக் மனைவிக்குக் கணவன் வேலை செய்யும்போது சொல்லும் சொற்கள்தான் சொத்து: டைட், லூஸ், லீக், ஃபுல். இவற்றை வைத்துக்கொண்டு சமையலிலிருந்து மாமியார் வரை எல்லாவற்றையும் பேசினோம். மாமியார் டைட் என்றால் போதும், மூவருக்கும் விளங்கிவிடும்.

காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்தது. பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் பகலெல்லாம் ஓடியது. அதன் கழிவுநீர் புளித்த நாற்றத்துடன் வாய்க்காலில் இறங்கி, கீழே இருந்த ஊற்றில் கலந்தது. எங்களுக்கும், லயன் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகளுக்கும் குடிக்க அந்த ஊற்றுத்தான். பழம் பறிக்கும் பெண்ணொருத்தி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க ரைட்டரூட்டம்மா, ஊத்துத் தண்ணி நொம்ப நாறுதுங்க. லயனுல புள்ளைங்களுக்கெல்லாம் வவுத்தால போவுதுங்க. ஐயாகிட்டச் சொல்லி எதாச்சும் பண்ணுங்க."

மெக்கானிக்கின் மகளும் துவண்டு படுத்திருந்தாள். கம்பவுண்டர் மருந்து கலக்கிக் கொடுத்துக் களைத்துப்போயிருந்தார். என் கணவரிடம் சொன்னேன்.

"பல்ப்பர் தண்ணிய நிறுத்துங்கன்னு துரைகிட்டப் போயிச் சொன்னா என் வேலை நிலைக்குமா? சீசன் முடிஞ்சாத் தானாத் தெளிஞ்சிரும், பொறுத்துக்க."

மற்ற இரண்டு வீடுகளிலும் அவரவர் பாஷையில் இதே பதில்தான் கிடைத்திருந்தது. மெக்கானிக் மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "கோ. பங்களா," என்றாள். கம்பவுண்டர் மனைவியும் கிளம்பிவிட்டாள். நான் ஒரு செம்பில் ஊற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டேன். பழம் பறிக்கும் பெண்ணும் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு வந்தாள்.

பங்களா வாசலில் சமையல்காரர் மறித்தார். "துரை இல்லீங்கம்மா. இங்கெல்லாம் வரக்கூடாதுங்க, போயிருங்க."

சத்தம் கேட்டுத் துரைசாணி வெளியே வந்தாள். கம்பவுண்டர் மனைவி இரண்டு முறை ப்ளீஸ் சொல்லிவிட்டு, அதற்குமேல் வார்த்தை கிடைக்காமல் பின்வாங்கினாள். மெக்கானிக் மனைவிதான் முன்னால் போனாள். செம்பைக் காட்டினாள், குழந்தையைக் காட்டினாள்.

"வாட்டர் நோ குட். பேபி ஸ்டமக் லூஸ். ஃபுல் லீக்."

துரைசாணி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. செம்பை வாங்கி முகர்ந்தாள், முகம் சுளித்தாள். அந்தத் தைரியத்தில் எனக்கும் வாய் திறந்தது. "லயன் சில்ட்ரன் ஆல். டேஞ்சர், மேடம். வெரி டேஞ்சர்."

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். அவளும் இங்கிலீஷ்காரி இல்லையாம். ஊர் டென்மார்க். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தப் பாஷையைக் கற்றாளாம். "மை இங்கிலீஷ் ஆல்சோ நாட் குட்," என்றாள். கிளப்பில் மற்ற துரைசாணிகள் கடகடவென்று பேசும்போது தனக்குப் பாதி புரிவதில்லை, நீங்கள் பேசியது முழுக்கப் புரிந்தது என்றாள். வெள்ளைத்தோல் எல்லாம் இங்கிலீஷோடுதான் பிறக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு ஊற்றுக்கு இறங்கினாள். பழம் பறிக்கும் பெண் வாய்க்கால் கலக்கும் இடத்தைக் காட்டித் தமிழில் சொல்லச் சொல்ல, நான் துண்டு துண்டாக இங்கிலீஷில் சொன்னேன். நான் திணறிய இடத்தில் கம்பவுண்டர் மனைவி கைகொடுத்தாள். துரைசாணி நேரே பல்ப்பர் கொட்டகைக்குப் போய்த் துரையைக் கையோடு அழைத்து வந்தாள். கொட்டகையில் இருந்த எங்கள் கணவன்மார் மூவரும் பின்னாலேயே வந்து, எங்களைக் கண்டதும் சிலையாக நின்றார்கள்.

இந்த வாய்க்கால் எத்தனையோ வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது என்றார் துரை. "அப்படியானால் குழந்தைகளும் எத்தனையோ வருஷமாக நோயில் கிடக்கிறார்கள்," என்று அவருடைய பாஷையிலேயே திருப்பிச் சொன்னாள் அவர் மனைவி. துரை முகம் சிவந்தது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார், வாய்க்குக் கொண்டுபோகாமல் கொட்டினார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை பல்ப்பர் ஓடவில்லை. ஆட்கள் புது வாய்க்கால் வெட்டி, கழிவுநீரை ஊற்றுக்கு அப்பால் ஒரு பெரிய குழிக்குத் திருப்பினார்கள். ஊற்றை இறைத்து, சேற்றை வாரி, சுற்றிலும் கல் கட்டினார்கள். சில நாளில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. லயன் பெண்கள் குடத்தோடு வந்து குலவையிட்டார்கள். மெக்கானிக்கின் மகள் எழுந்து நடமாடினாள்.

என் கணவருக்குப் பெருமைதான், ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "நீங்க பேசுனதுல ஒரு வாக்கியமாச்சும் சரியா இருந்துச்சா புள்ள?" என்றார்.

"தண்ணி சரியாயிருச்சுங்களே," என்றேன்.

அந்த வாரம் நாங்கள் மூவரும் ஏற்காட்டுச் சந்தைக்கு நடந்தே போனோம். கணவன்மார் பின்னால் வந்தார்கள். வழியெல்லாம் அவர்கள் காதில் விழட்டும் என்றே உரக்க, இலக்கணத்தைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல், இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டு போனோம்.