தட்டம்மாவின் காது

என் அண்ணிக்குத் தொழிற்சாலையில் தட்டம்மா என்று பெயர். வைத்த புண்ணியவதி நான்தான். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்தே எதையும் தட்டிப் பார்க்காமல் அவள் விட்டதில்லை. பானை வாங்கினால் தட்டுவாள், தர்பூசணி வாங்கினால் தட்டுவாள், வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டுவாள். வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள். “அண்ணி, பொண்ணு பார்க்க வந்தப்போ எங்கண்ணனையும் தட்டிப் பார்த்தீங்களா?” என்று கேட்டால், “தட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பேன், உள்ள ஒண்ணுமே இல்ல” என்பாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அந்தக் காதுதான் அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. எங்கள் தொழிற்சாலையில் கல் செய்கிறோம். மலையில் வெட்டிய கல் இல்லை, செயற்கைக் கல். கல்மாவையும் பிசினையும் சாயத்தையும் குழைத்து அச்சில் பரப்பி, முதுகுப் பக்கம் கண்ணாடி நார்வலையை ஒட்டி, காற்றை உறிஞ்சி, அழுத்தி, சூட்டறையில் வேகவைத்து எடுத்தால் விரல் தடிமன்கூட இல்லாத பலகை வரும். ஆளுயரப் பலகையை இரண்டு பெண்கள் அலட்டிக்கொள்ளாமல் தூக்கிவிடலாம். ஏறிக் குதித்தாலும் உடையாது. வாங்க வருகிறவர்களுக்கு முதலாளியே தொந்தியோடு ஏறிக் குதித்துக் காட்டுவார்.

ஒரே ஒரு வில்லங்கம். கல்லுக்கும் வலைக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. கட்டிடத்தில் பதித்த பிறகு என்றைக்காவது பெயர்ந்து விழும். அதனால் சூட்டறையிலிருந்து வரும் பலகை எல்லாம் முதலில் அண்ணியின் மேஜைக்குப் போகும். சின்ன மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போவாள். ணங், ணங் என்று கேட்டால் நல்ல பலகை. எங்காவது பொத்தென்று கேட்டால் கழிவு. அவள் நல்லது என்று சொன்னால்தான் அது வெட்டும் அறைக்குப் போகும். வெட்டி முடித்ததும் பக்கத்து அறைக்கு, என்னிடம் வரும். உலர்ந்த துணியால் தூசி துடைத்துப் பெட்டியில் அடுக்குவது என் வேலை.

வெட்டும் அறையில் அண்ணன் இருந்தான். கனமான பலகை என்றால் தண்ணீர் ஊற்றி வெட்டுவார்கள். இந்த மெல்லிய பலகைக்கு அது ஆகாது, தண்ணீர் வலைக்குள் இறங்கிப் பசையைக் கிளப்பிவிடும் என்று சொல்லி உலர்வாகவே வெட்ட வைத்தார்கள். சாயங்காலம் அண்ணன் புருவம்வரை வெள்ளையாக வெளியே வருவான். முகத்தில் ஒரு துணி கட்டியிருப்பான், அவ்வளவுதான் பாதுகாப்பு. “பவுடர் செலவு மிச்சம்” என்று அவனே கிண்டல் செய்துகொள்வான். பிறகு இருமல் வந்தது. அது போகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணியும் நானும் கூட நின்றோம். டாக்டர் அவனைத் திரும்பி உட்காரச் சொன்னார். ஒரு கையை முதுகில் பதித்து, அந்த விரல்மேல் மறுகை விரலால் தட்டினார். மேலே தட்டினார், கொஞ்சம் கீழே தட்டினார். சட்டென்று அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்தூசி நுரையீரலில் இறுகிவிட்டது, எங்கும் மருந்து கிடையாது என்று பிறகுதான் சொன்னார். அண்ணி அதற்கு முன்பே அழ ஆரம்பித்திருந்தாள்.

அண்ணன் போய்ச் சேர்ந்தான். பாவி, போகிற வயசா அது!

மெஷின் சும்மா நிற்கக் கூடாதே. சூப்பர்வைசர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அண்ணன் இடத்தில் நிறுத்தினார். சம்பளம் கொஞ்சம் கூடுதல். அண்ணியும் அதே மேஜைக்குத் திரும்பினாள். வேறு எங்கே போவாள்? ஆனால் திரும்பி வந்தது பழைய அண்ணி இல்லை. சாப்பாட்டு வேளையில் என் காதோரம் வந்து, “உங்கண்ணன் முதுகு இன்னும் கேக்குதுடி. சுத்தியலைக் கீழ வெச்சாலும் கேக்குது” என்பாள். யாராவது முன்னால் குனிந்தால் அவள் விரல் தானாக நீளும். ஆண்கள் அவளுக்கு முதுகு காட்டாமல் ஒதுங்கி நடக்கப் பழகினார்கள். அவள் பக்கத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள், அடக்கிக்கொண்டு தாண்டிப் போவார்கள்.

ஒருநாள் என்னைத் தனியாக இழுத்துப் போனாள். என் வீட்டுக்காரரை அவள் தம்பி என்றுதான் சொல்வாள்.

“தம்பியை அந்த ரூமை விட்டு வெளிய கொண்டு வா.”

“ஏன், அவருக்கு என்ன?”

“இப்ப ஒண்ணும் இல்லாம இருக்கலாம். இருக்கும்போதே கூட்டிட்டு வந்துடு.”

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா அண்ணி? எங்கண்ணனுக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா?”

கேட்டிருக்கக் கூடாதுதான். கோபம் வந்தால் எனக்கு வாயும் நிற்காது, கண்ணும் தெரியாது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “அக்கா பாவம், துக்கத்துல பேசுது. விடு” என்றார். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அண்ணி பலகைகளைக் கழிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு இல்லை. வருவதெல்லாம் கழிவு. தட்டுவாள், தலையை ஆட்டுவாள், தள்ளிவிடுவாள். வெட்டும் அறையில் மெஷின் ஓடாமல் நின்றது. எனக்குத் துடைக்கப் பலகை வரவில்லை. சூப்பர்வைசர் தாம்தூம் என்று குதித்தார். பிசின் கலக்குகிறவரைத் திட்டினார், சூட்டறைக்காரரைத் திட்டினார். கடைசியில் கழித்த பலகை ஒன்றை இரண்டு செங்கல்மேல் வைத்து ஏறிக் குதித்தார். ஒரு கீறல் விழவில்லை. எல்லோரும் வரிசையாக வந்து தட்டிப் பார்த்தார்கள். எனக்கே கேட்டது, கோயில் மணி மாதிரி ணங்கென்று.

“தட்டம்மாவுக்குக் காது போயிடுச்சு” என்றார் சூப்பர்வைசர்.

சுற்றி நின்றவர்கள் தலை குனிந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் மேஜைக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, கல்லு நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு தம்பி.”

“அப்புறம் ஏன் கழிக்கறீங்க?”

“நல்லதுன்னு சொன்னா உங்ககிட்டதானே வரும்?”

சூப்பர்வைசர்தான் நிறையப் பேசினார். அன்றைக்கே அண்ணியின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். மேஜைக்கு வேறு ஒருத்தி வந்தாள், மெஷின் மறுபடி ஓடியது.

விடுமுறை நாளில் என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், ஸ்டூலை இழுத்துப் போட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்.

“தட்டுங்கக்கா.”

“நான் மாட்டேன் தம்பி. நான் என்ன டாக்டரா? ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“போறேன். போறதுக்குத் தைரியம் வேணும்ல, அதுக்குத்தான் வந்தேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். டாக்டர் செய்தது போலவே கையைப் பதித்துத் தட்டினாள். இடதுபக்கம் முழுக்கத் தட்டி முடித்தாள். வலதுபக்கம் பாதி இறங்கியதும் நிறுத்திவிட்டு, மடித்த துணியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். “ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்” என்றாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். ஆரம்பித்திருக்கிறது, ஆனால் ஆரம்பம்தான் என்றார். வந்த தூசி வந்ததுதான், எடுக்க முடியாது. இனிமேல் ஒரு மூச்சுகூட அந்த அறையில் விடக் கூடாது, அப்படி இருந்தால் ரொம்ப காலம் ஓட்டலாம். என் வீட்டுக்காரர் அங்கேயே ஃபோனை எடுத்து, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. அவர் வைத்துவிட்டார்.

வராந்தாவுக்கு வந்தோம். அவர் பிழைத்துவிட்டார், என் தாலி தப்பியது, பேசக் கூடாததை எல்லாம் பேசியும் இவள்தான் காப்பாற்றினாள். அத்தனையும் சேர்ந்து வர, அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். “விடுடி, விடுடி, அதான் ஒண்ணும் ஆகலையே” என்று அவளும் அணைத்துக்கொண்டாள். குழந்தையைத் தேற்றுவதுபோல முதுகில் தட்டிக்கொடுத்தாள். மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றது. அதே இடத்தில் மறுபடியும் ஒருமுறை தட்டியது, இந்தத் தடவை ஒற்றை விரலால்.

“அண்ணி?” என்றேன்.

அவள் என்னை விடவே இல்லை.