சிக்னல் தைத்த போர்வை

பட்டறையில் எல்லோரும் அவரை சிக்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சீருடை தைக்கும் பட்டறை அது. அங்கே அவர் பதினோரு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டுமே ஒரு மாதிரி மண் நிறமாகத் தெரியும். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். மற்றதெல்லாம் குத்துமதிப்பு. இதை ஒருவர் காதிலும் போடாமல் பதினோரு வருடம் அவர் சமாளித்ததே பெரிய காரியம். துணி உருளை ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு தொங்கும். அவர் அந்த எண்ணைப் பார்த்தே வெட்டினார்.

ஒரு மழை நாளில் கிடங்குக் கூரை ஒழுகியது. நனைந்த சீட்டுகளைக் கழற்றிக் காயவைத்தவர்கள் திரும்பக் கட்டும்போது இரண்டை மாற்றிக் கட்டிவிட்டார்கள். மறுநாள் நாற்பது கரும்பச்சைச் சட்டைகளுக்கு அவர் அரக்குச் சிவப்பில் கை வெட்டி அடுக்கியிருந்தார். இரண்டும் ஒரே அழுத்தமான நிறம். அவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

மேற்பார்வையாளர் ஒரு கையை எடுத்துச் சட்டையோடு சேர்த்துப் பிடித்தார்.

“என்னய்யா இது?”

“பச்சை, சார்.”

“ரெண்டுமா?”

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “அப்போ அண்ணன் தினமும் சிக்னலை எப்படித் தாண்டி வர்றாரு?” என்றது. கூடமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் நின்றிருந்தால் இன்னும் கேவலமாகப் போயிருக்கும்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்பக்கம் வெட்டுத்துண்டு அறைக்கு மாற்றினார்கள். ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, கூரையை முட்டும் மூட்டைகள். வெள்ளைத் துண்டுகளைத் தனியாக, நிறத் துண்டுகளைத் தனியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். காலையில் “வாங்க சிக்னல்”, சாயங்காலம் “பார்ப்போம் சிக்னல்”. நடுவில் முழு நாளும் அவர் வாய் திறக்க அவசியமே வரவில்லை. சில நாள் தன் குரல் இருக்கிறதா என்று பார்க்கவே இருமிக்கொள்வார்.

வீட்டிலும் அதே கதைதான். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் கூடிவரவில்லை. சொந்தம் என்று இருந்தது அக்கா ஒருத்திதான். தொலைதூர ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவருடைய கண் விஷயம் உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் முதலில் தெரியும். சின்ன வயதில் தெருவில் நடக்கும்போது, “அந்தக் கதவு சிவப்பு, அந்தப் பொண்ணோட ரிப்பன் பச்சை” என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அப்படிச் சொல்ல ஆளில்லை. ஞாயிறு காலைகளில் போன் பண்ணி, “வேலையெல்லாம் எப்படிடா போகுது?” என்பாள். “அதுக்கென்ன, நல்லா போகுது” என்பார். அறை மாறியதைச் சொல்லவே இல்லை.

ஒருநாள் லாரி வரத் தாமதமானது. பொழுது போகாமல் மேசைமேல் துண்டுகளைப் பரப்பினார். மற்றவர்களாக இருந்தால் நிறவாரியாக அடுக்கியிருப்பார்கள். அவர் வெளிர் எது, அழுத்தம் எது என்று பார்த்து அடுக்கினார். ஒரு ஓரத்தில் கருநீலம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மறு ஓரத்தில் நர்ஸ் கோட்டின் பால் நிறம். நடுத்தரமான ஒரு சாம்பல் துண்டு அவரைப் படாதபாடு படுத்தியது. கருநீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிச்சமாகத் தெரிந்தது. கோட்டுத் துணிக்குப் பக்கத்தில் வைத்தால் இருண்டுபோனது. அதை இங்கும் அங்கும் நகர்த்தியே மத்தியானம் போய்விட்டது. லாரிக்காரர் வந்து ஹாரன் அடித்தபோது எரிச்சல்கூட வந்தது.

“சார், இதுல கொஞ்சம் எடுத்துக்கலாமா?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார்.

“எடுத்துக்கய்யா. லாரிக்குப் போறதுதானே.”

முதல் போர்வை படுதோல்வி. பெரிய துண்டுகளாகப் பொறுக்கியெடுத்துச் சதுரம் சதுரமாக இணைத்து, தேய்ப்பதற்காகப் பட்டறைக்குக் கொண்டுபோனார். இஸ்திரி போடும் அம்மா அதை விரித்ததும், “கலரு கண்ணைப் பறிக்குதே அண்ணே!” என்றாள். அவர் கண்ணுக்கு அது நனைந்த அட்டை மாதிரி இருந்தது. இரவல் கண்ணால் பார்த்தால் அழகு, சொந்தக் கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தார். எடுத்ததெல்லாம் அழுத்தத்தில் நடுத்தரமான துண்டுகள். வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்.

வெளிர் துண்டுகள் எளிதில் கிடைக்கவில்லை. வெள்ளையெல்லாம் பட்டறையிலேயே மெஷின் துடைக்கப் போய்விடும். காலருக்குள் வைக்கும் உள்பட்டைத் துணி, பாக்கெட் துணி என்று தேடினார். சில துணிகளைப் புரட்டிப் போட்டால் பின்பக்கம் கொஞ்சம் வெளிறி இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று தனியாக உட்கார்ந்து சந்தோஷத்தில் மேசையைத் தட்டிக்கொண்டார். கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, வெளிருக்கு ஒன்று, கடும் அழுத்தத்துக்கு ஐந்து என்று கட்டத்துக்குக் கட்டம் எண் எழுதினார். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து கட்டம். தைத்ததைச் சுவரில் மாட்டி, எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். துருத்திக்கொண்டு தெரிவதைப் பிரித்து மாற்றுவார். எட்டு மாதம் ஓடியது.

இரண்டாவது முறை இஸ்திரி அம்மா முகம் சுளித்தாள். “என்னண்ணே, சிவப்பு பக்கத்துல பச்சை, அதுக்குப் பக்கத்துல ரோஸு… கண்டமேனிக்கு ஒட்டி வெச்சிருக்கீங்க?” தண்ணீர் குடிக்க வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றாள். “அடேயப்பா! படிக்கட்டு மாதிரி இறங்குதே! இங்க வந்து பாருங்கடி!”

நாலைந்து பேர் கூடினார்கள். எந்தக் கட்டத்தில் என்ன நிறம் என்று அவளிடம் கேட்க அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் சுற்றி நின்றவர்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள். போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதை அக்காவுக்குப் பார்சலில் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

“டேய், நீயாடா தைச்ச? இவ்வளவு துண்டு உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?”

“இப்ப துண்டுத் துணி ரூம்லதான்கா இருக்கேன்.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“கண்டுபிடிச்சுட்டாங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ம்.”

“என்கிட்ட ஏண்டா சொல்லல?”

“சொல்லி என்னக்கா பண்றது?” என்றவர், கொஞ்சம் தயங்கி, “அக்கா, அதுல என்னென்ன கலர் இருக்குன்னு வரிசையா சொல்றியா?” என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. போர்வையைக் கட்டிலில் விரித்துக்கொண்டு மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தாள். “கருநீலம். அடுத்தது அரக்குச் சிவப்பு. கரும்பச்சை. மறுபடி சிவப்பு, ஆனா பூப்போட்டது.” அவர் கட்டத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய எண்களுக்குக் கீழே அவள் சொன்ன நிறங்களை எழுதிக்கொண்டே வந்தார். ஐந்து என்று அவர் போட்டிருந்த மூன்று கட்டங்களில் மூன்று வேறு நிறங்கள். “எலுமிச்சைப் பச்சைடா இது, சிரிக்குற மாதிரி இருக்கு” என்றாள் ஓரிடத்தில். அவர் ‘சிரிக்கும் பச்சை’ என்றே எழுதினார்.

ஆறாவது வரிசை முடியும்போது அவள் வீட்டில் யாரோ கதவைத் தட்டினார்கள். “மாப்பிள்ளை வந்துட்டார்டா. மிச்சத்தை அடுத்த வாரம் சொல்றேன், என்ன?”

அடுத்த ஞாயிறு அவர் காலையிலேயே தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா முட்டிவலியைப் பற்றிப் பேசினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், மருமகளைப் பற்றிச் சொன்னாள். அரை மணி நேரம் போனது.

“அக்கா…”

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. முட்டிக்கு சுடுதண்ணி ஒத்தடம் குடு.”

அதற்கடுத்த வாரம் அவளே போர்வைப் பேச்சை எடுத்தாள். பேத்திக்கு ரொம்பப் பிடித்துப்போய், படிக்கப் போன ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். “கோபமாடா?” என்றாள். “சேச்சே, போர்த்திக்கத்தானே தைச்சது” என்றார். உண்மையிலேயே கோபமில்லை.

அந்தத் தாளில் மேல் ஆறு வரிசையில் நிறங்கள் இருக்கின்றன. கீழ் ஆறில் எண்கள் மட்டும். கட்டத்தாளை ஒருநாள் மேசைமேல் பார்த்து எண் கணக்கைத் தெரிந்துகொண்ட இஸ்திரி அம்மா இப்போது போகிற வருகிற நேரங்களில் வெளிர் துண்டு கண்ணில் பட்டால் எடுத்து வந்து மேசைமேல் போட்டுவிட்டு, “இது ஒண்ணா, ரெண்டா சிக்னலண்ணே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போகிறாள். மூன்றாவது போர்வை பாதி வளர்ந்து சுவரில் தொங்குகிறது. அதை யாருக்கு அனுப்புவது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.