மாம்பழம், நாற்காலி, பஸ்

எங்கள் பக்கத்தில் என்னை ஜீனியஸ் என்பார்கள். முதன்முதலில் அப்படிச் சொன்னது நான்தான். முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பிள்ளைகள் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

போன ஆடியில் அந்த ஜீனியஸ் ஸ்கூட்டரில் கீரனூருக்குப் போய், கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீடு திரும்பினான். வாசலில் வண்டியைக் காணோம் என்றதும் திருட்டுப் போய்விட்டதாகப் போலீசில் புகார் கொடுத்தான். வண்டி நாள் முழுக்கக் காய்கறிக் கடை முன்னால் நின்றிருக்கிறது. கடைக்காரர் என் மகளுக்குப் போன் செய்துவிட்டார். அன்றைக்கே அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"திருச்சியில மறதிக்குப் பாக்குற டாக்டரு பாத்து, ஓட்டலாம்னு சொல்லட்டும்ப்பா. அப்பறம் தாரேன்."

மனைவி போன பிறகு, யாரையும் கேட்காமல் நான் செய்கிற ஒரே காரியம் வண்டியை எடுத்துக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போவதுதான். அதுவும் போய்விட்டால் நான் மகள் வீட்டில் கிடக்கிற ஒரு சாமான். உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் அதே டாக்டரிடம் போய்வந்தவர். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்; போவதற்கு முன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார். நான் பகுத்தறிவுக்காரன். மெழுகுவத்தியை மனதாரக் கிண்டல் செய்துவிட்டு, என்ன கேள்வி வந்தது என்று விசாரித்தேன்.

"மூணு வார்த்தை சொல்வாரு சார். கொஞ்ச நேரங்கழிச்சுத் திருப்பிக் கேப்பாரு. மாம்பழம், நாற்காலி, பஸ்ஸு. இத மட்டும் படிச்சுட்டுப் போங்க. நான் பாஸாயிட்டேன்."

கடவுளுக்கு ஆதாரம் கேட்கிறவன் இந்த மூன்றுக்கும் ஆதாரம் கேட்கவில்லை. பத்து நாள் உருப்போட்டேன். குளிக்கும்போது மாம்பழம், சாப்பிடும்போது நாற்காலி.

திருச்சியில் டாக்டர் மூன்று வார்த்தைகள் சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடையோடு வந்தவன் கேள்வியை எதற்குக் கேட்க வேண்டும்? பிறகு நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மூச்சுவிடாமல் இரண்டு வரைக்கும் இறங்கி, "மைனசும் வேணுங்களா?" என்றேன். மகளைப் பெருமையாகப் பார்த்தேன்.

"அந்த மூணு வார்த்தை என்னங்கய்யா?"

"மாம்பழம், நாற்காலி, பஸ்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாசத்துல இதையே சொல்ற நாலாவது ஆளு நீங்க. நான் யாருக்கும் மாம்பழம்னு சொன்னதே இல்லைங்கய்யா."

அப்படியென்றால் தமிழாசிரியரும் இதே மூன்றை வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார். பாஸானேன் என்று என்னிடம் சொன்னது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

டாக்டர் புதிதாக மூன்று சொன்னார். இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஐந்து நிமிடம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, குனிந்து தாளில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"கிணறு… ஆடு…"

மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் மாம்பழம் உட்கார்ந்திருந்தது. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. தற்செயலாக மகள் பக்கம் திரும்பினேன். சாவியைப் பிடுங்கிய அதே மகள், டாக்டர் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். குடை.

பார்த்து எழுதிய எத்தனையோ பிள்ளைகளை நான் பரீட்சை ஹாலை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். அவளையே ஒருமுறை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

"குடை," என்றேன்.

வயதுக்கு ஏற்ற மறதிதான், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பினோம். கீரனூர் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்ததும், அவள் சாவியை என் கையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. நான் சாவியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"நீயே ஓட்டும்மா," என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.