வைப்பர் மோட்டார்

செஞ்சி மலைக்கோட்டை கண்ணுக்கே தெரியாத மழை. என் ஸ்கூல் வேனில் பதினோரு பிள்ளைகள் இருக்க, வைப்பர் மோட்டார் எரிந்துபோனது. வழியில் திறந்திருந்த ஒரே எலெக்ட்ரீஷியன் கடையில் நிறுத்தினேன். நரைத்த மீசைக்காரர், வயரை முன்பல்லால் உரிப்பவர். புது மோட்டார் இல்லை என்றார்.

"அப்போ மெதுவா ஓட்டிக்கினு போயிடறேன்" என்றேன்.

"புள்ளைங்கள வெச்சிக்கினு கண்ணு தெரியாம போவியா? எறங்குய்யா!" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

கடையோரம் நின்ற அதே மாதிரி வேனிலிருந்து மோட்டாரைக் கழற்றி மாட்டி, புது வயர் இழுத்தார். பெற்றோர்கள் போன் மேல் போன் போட்டார்கள். அவசரத்தில் நானே வைப்பர் கையைச் செருகப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"மோட்டார் எங்க வந்து நிக்குதுன்னு மொதல்ல பாக்கணும். இல்லன்னா வைப்பர் நடுக் கண்ணாடியில நின்னுக்கும்."

மூன்று முறை வெறும் மோட்டாரை ஓட்டி நிறுத்திப் பார்த்தபிறகே வைப்பர் கையை மாட்டினார்.

ஏரிக்கரையில் எதிரே வந்த லாரி சேற்றை வாரி அடித்தது. ஒரே வீச்சில் வைப்பர் துடைத்தது. பிள்ளைகள் வீடு சேர்ந்தார்கள்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். கடை பூட்டியிருந்தது. அந்த வேன் யாருடையது என்று பக்கத்து டீக்கடையில் கேட்டேன்.

"அவரோடதுதான். நேத்து அந்த மழையில வைப்பர் இல்லாம, தலைய வெளிய நீட்டிக்கினே மண்டகப்பட்டுல இருக்கற வீட்டுக்கு ஓட்டிக்கினு போனாரு."

அவர் சாவியைப் பிடுங்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.