அத்தான் மாற்றிய பிறவி எண்

என் அக்காவின் கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். தெருவில் அவருக்கு 'டபுள் லாக்' என்று பெயர். கடையைச் சாத்தினால் சாவியை இரண்டு சுற்று சுற்றுவார், பூட்டைப் பிடித்துத் தொங்குவார், பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் தொங்குவார். பக்கத்துக் கடை என்னுடையது. கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். வருஷக்கணக்காக இந்தத் தொங்கலைப் பார்த்துப் பார்த்து எனக்கே கை வலிக்கிறது.

அத்தானுக்குச் சந்தேகம் ரத்தத்திலேயே ஊறியது. பால் பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். ஹோட்டலில் வாசலைப் பார்த்த நாற்காலி கிடைக்காவிட்டால் பசியோடு திரும்பிவிடுவார். யாராவது நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போனால், "இவன் எதுக்கு இவ்வளவு சிரிக்கிறான்?" என்று என்னைக் கேட்பார். தொழில் அப்படி என்று அக்கா சமாதானம் சொல்வாள். நான் ஒத்துக்கொண்டதில்லை. பல் டாக்டர் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வாயைத் திற என்றா சொல்கிறார்?

அப்படிப்பட்ட மனுஷர் ஒரே ஒருவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். தன் மாப்பிள்ளையை. அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் எல்லார் செருப்பையும் நேராக அடுக்கி வைப்பான். கம்ப்யூட்டர் வேலை அத்தனையும் தெரியும். வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது ரவுட்டரைச் சுவரில் மாட்டி, பாஸ்வேர்டு போட்டு, ஒவ்வொருவர் போனையும் கையில் வாங்கிச் சரிசெய்து கொடுத்தவன் அவன்தான். "தங்கமான பையன்" என்று அத்தான் சொல்லிச் சொல்லி எங்கள் காது தேய்ந்தது.

அந்தத் தங்கம் தன் வீட்டுக்குள் என்ன செய்தது என்பது, அக்கா மகள் ஒரு பையோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கை நீட்டவில்லை. எங்கே போனாய், யாரோடு பேசினாய், கடையில் அவ்வளவு நேரம் எதற்கு நின்றாய் என்று கேட்டுக் கேட்டே அவளைப் பாதி ஆளாக்கியிருந்தான். அவள் வந்த பிறகும் விடவில்லை. வேலை செய்த இடத்துக்கு எதிரே தினமும் வந்து நின்றான். அந்த வேலை போயிற்று. அவள் புது போன், புது நம்பர் வாங்கினாள். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலையில் சேர்ந்தாள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு வீடு, வேறு வேறு தெரு. இனி எங்கே வந்து நிற்பான் என்று நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

அவளுடைய பழைய மெயிலுக்கு அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'லிஃப்ட் இல்லாத வீட்டுக்கெல்லாம் ஏன் போகிறாய்? உனக்கு மூட்டு வலிக்குமே.' அன்று காலை அவள் நாலு மாடி ஏறி இறங்கியிருந்தாள். அடுத்த வாரம் ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். அந்த வீட்டுக்காரர் லேபுக்குப் புகார் செய்தார். மேனேஜர் இவளைக் கூப்பிட்டு, "உங்க குடும்ப விவகாரம் பேஷன்ட் வீட்டு வாசலுக்கு வரக்கூடாதும்மா. இன்னொரு தடவை நடந்தா நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். இந்த வேலையும் போனால் அவள் மறுபடி நாலு சுவருக்குள்தான். அதைத்தான் அவனும் எதிர்பார்த்தான்.

ரத்தம் எடுக்கப் போக வேண்டிய வீடுகளின் விலாசங்கள் முந்தின நாள் சாயங்காலம் அவள் லேப்டாப்புக்கு வரும். அதை அவள் வீட்டு இன்டர்நெட்டில் பார்ப்பாள். அந்த இன்டர்நெட் வருகிற ரவுட்டரை மாட்டியது அவன். அத்தானுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"பெட்டிக்குள்ள உட்கார்ந்துட்டான், மச்சான்" என்றார் என்னிடம்.

பாஸ்வேர்டை மாற்றினார். கடிதம் நிற்கவில்லை. புது ரவுட்டர் வாங்கிவிடலாமே என்றேன். "விக்கிறவன் யாருன்னு உனக்குத் தெரியுமா? அவன் சிநேகிதனா இருந்தா?" என்று திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் சாவி நகல் எடுக்க வந்த ஒரு கல்லூரிக்காரன் அவர் காதில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் கொடுத்துவிடுவார்கள், அதற்கு மேக் அட்ரஸ் என்று பெயர், பிறவியிலேயே வருகிற அடையாளம், அதை மாற்றிவிட்டால் நெட்டில் நாம் யாரென்று யாருக்கும் தெரியாது. அத்தான் உடனே வீட்டுக்குப் போய் ரவுட்டரைக் குப்புறப் போட்டார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அந்த எண் இருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்து, சாவியின் பல் மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததாக அக்கா சொன்னாள். பூட்டுக்காரர் கண்ணுக்கு அது பூட்டாகத் தெரிந்துவிட்டது.

லேப்டாப் வழியாக ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து அந்த எண்ணை மாற்றியே விட்டார். மாற்றினதும் இன்டர்நெட் செத்தது. எனக்குப் போன் போட்டு வரச் சொன்னார். போனால் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"பார்த்தியா? வேலை செய்யுது. இனிமே நம்மள எவனும் கண்டுபிடிக்க முடியாது."

"நம்மளாலயே நம்மள கண்டுபிடிக்க முடியல, அத்தான். நெட்டே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. என்னையே கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். அவன் உன் கடைக்கு வந்தானாமே?"

வந்தான்தான். அவள் வீட்டை விட்டு வந்த புதிதில், கண்ணாடி உடைந்த கல்யாணப் படம் ஒன்றைக் கொண்டுவந்தான். நான் பேசாமல் கண்ணாடி மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். அதைச் சொன்னேன்.

"பேசாமலா? நீயா? வாய் மூடி ஒரு நிமிஷம் இருக்கத் தெரியாதவன் நீ."

எனக்குச் சுருக்கென்றது. நான் தூக்கி வளர்த்த பெண் அவள். அவளை நானா காட்டிக்கொடுப்பேன்? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்தேன். அக்கா குறுக்கே வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தேனே தவிர, அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த மனுஷர் மேல் அன்று எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை.

நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அத்தான் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"மேக் அட்ரஸை மாத்தினது யாரு?"

"நான்தான். ஏன், மாத்தக் கூடாதா?"

"எங்க ஆபீஸ் மெஷின்ல உங்க பழைய நம்பர்தான் பதிஞ்சிருக்கு, சார். புது நம்பரைப் பார்த்துட்டு யாரோ எவரோன்னு லைனை நிறுத்திடுச்சு."

"நல்லதுதானே? யாரோ எவரோன்னு ஆயிடணும்னுதான் மாத்தினேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இந்த நம்பர் உங்க பெட்டியில கிளம்பி எங்க மெஷின் வரைக்கும்தான் போகும். அதோட சரி. அதுக்கு அந்தப்பக்கம் இருக்கிற எந்த வெப்சைட்டும் இதைப் பார்க்கவே பார்க்காது. உங்க பேர், உங்க போன் நம்பர், எல்லாத்தையும் நீங்களே போட்டு உள்ள போறீங்க. அப்புறம் பெட்டியோட நம்பரை நூறு தடவை மாத்துங்களேன், நீங்க நீங்கதான்."

அவள் சொன்னது எனக்கே புரிந்தது. அத்தானுக்கும் புரிந்திருக்கும். ஆனால் புரிந்ததை நம்பினால் அவர் அத்தான் இல்லையே. "இப்படிச் சொல்லச் சொல்லி உன்னை யாரும்மா அனுப்பினது?" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "உங்க கம்ப்ளெய்ன்ட்டுக்குத்தான் சார் வந்தேன். எனக்கு இன்னும் எத்தனையோ வீடு பாக்கி." பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிட்டு, அக்கா கொடுத்த டீயைக் கூடத் தொடாமல் போய்விட்டாள்.

அக்கா மகள் அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மெதுவாக வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நேத்து கடைசியா போன வீடு லிஸ்ட்லயே இல்ல. நான் வழியில இருக்கும்போது லேப்ல இருந்து போன் பண்ணி வாயாலதான் சொன்னாங்க. வீட்டு நெட்டுக்கே அந்த விலாசம் வரல. ஆனா அதுக்கும் மெயில் வந்திருக்கு."

தன் போனை மேஜையில் வைத்தாள். "அப்படின்னா ரவுட்டர் இல்ல. என் கூடவே வர்றது இதுதான்."

"தூக்கிப் போடு அதை!" என்றார் அத்தான், சட்டென்று.

அவள் போடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், கால்குலேட்டரோடும் திசைகாட்டியோடும் சேர்ந்து ஒரு ஆப் இருந்தது. தொட்டதும் ஒரு வரைபடம் விரிந்தது. அதில் எங்கள் தெரு. தெருவில் இந்த வீடு. வீட்டின் மேல் கலர் கலராகப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். அத்தான், அக்கா, இவள்.

"இது எப்ப என் போன்ல வந்துச்சு?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரைபடம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை நல்ல பிள்ளையாக இருந்த காலத்தில் மாமனாருக்காக அமைத்துக் கொடுத்தது. அத்தானுக்கு அது உயிர். கடையில் சாவி ராவுகிற நடுவில் போனை எடுத்து, குடும்பம் எங்கெங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அரத்தை மறுபடி தொடுவார். என்னையும் சேரச் சொன்னார். நான் பாத்ரூம் போவதையெல்லாம் நீங்கள் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் புது போன் வாங்கின அன்று, நம்பர் எல்லாம் ஏற்றித் தருகிறேன் என்று வாங்கி, அவளுக்குத் தெரியாமல் அவளையும் அதில் சேர்த்திருக்கிறார்.

"அவன் அதுல இல்லம்மா" என்றார். "அவன் புள்ளி எப்பவோ காணாமப் போச்சு. நான் தினம் பார்க்கிறேன்ல."

அவள் உறுப்பினர் பட்டியலைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். முதல் பெயர் அவனுடையது. பக்கத்தில், குழுவை உருவாக்கியவர் என்று இருந்தது. அதற்குக் கீழே, இருப்பிடம் காட்டப்படவில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது.

"அவன் தன்னை மறைச்சுக்கிட்டான்ப்பா. நம்மள மறைக்கல."

சாவி தொலைந்தது என்று கடைக்கு யார் வந்தாலும், மொத்தம் எத்தனை சாவி, யார் யார் கையில் இருக்கிறது என்றுதான் அத்தான் முதலில் கேட்பார். அதைக் கேட்காமல் அவர் பூட்டைத் தொட்டதே இல்லை. சொந்த மகள் விஷயத்தில் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சாவி தன் சட்டைப்பையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்" என்றார்.

"அவனும் இதையேதான் சொன்னான்ப்பா."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் அப்போதும் விடவில்லை. அவனை மட்டும் நீக்கிவிட்டு, நாம் இரண்டு பேர் மட்டும் புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். அவள் அந்த ஆப்பையே அழித்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு வந்த மெயில்களில் அவன் குறிப்பிட்ட இடங்கள் எல்லாம் தப்பாக இருந்தன. பிறகு மெயிலே நின்றுபோயிற்று. அவள் வேலை தப்பியது.

சில வாரத்தில் அவள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள், லேபில் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணோடு. போகிற அன்று என் கடைக்கு வந்து விலாசத்தைச் சொன்னாள். "அம்மாவால அப்பாகிட்ட மறைக்க முடியாது, மாமா. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்." தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். அப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசுகிறாள். எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்வதில்லை.

அத்தான் என் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். ஒன்றும் கேட்க மாட்டார். நான் கண்ணாடி வெட்டுவதைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், மேஜையில் கிடக்கும் என் போனைப் பார்ப்பார். என் மேல் அவருக்குச் சந்தேகம். இந்தத் தடவை அது சரியான சந்தேகம் என்பதால் என்னால் கோபப்படவும் முடியவில்லை. என்றைக்காவது கேட்பார் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சொன்னார். "அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்."

நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லிடாத, மச்சான். நான் கேட்பேன். சண்டை போடுவேன். அக்கா மேல ஆணை, அது இதுன்னு எதையாவது சொல்லி மடக்கப் பார்ப்பேன். அழுதாலும் அழுவேன். எதையும் நம்பிடாத. எனக்குத் தெரிஞ்சா, போய் நின்னு பார்க்காம என்னால இருக்க முடியாது."

சொல்லி முடித்த கையோடு அழுதுவிட்டார். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூரமா, பக்கமா? அதை மட்டும் சொல்லேன்" என்றார்.

நான் சொல்லவில்லை.