தோசைக்கல்லைத் திருப்பிப் பார்த்த பெண்

கும்மிடிப்பூண்டியில் முள்காட்டை வெட்டிப் பட்டறை போட்டவன் நான். கரண்ட் கொண்டுவந்தவனும் நான்தான், அதுவும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல். என் தோசைக்கல்லை ஆன்லைனில் விற்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கேட்டது. கல்லில் என் பெயர் மட்டும் கூடாதாம். சரக்குப் பார்க்க வந்த அந்தக் கம்பெனிப் பெண், எதை எடுத்தாலும் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பாள்.

"பேரு எங்க நைனா?"

"உங்க மேனேஜர்தாம்மா வோணான்னாரு."

"வெளிநாட்டுக் கம்பெனி சரக்க வாங்கி சொந்தமா ஆன்லைன்ல விக்கக் கூடாது, அதான் சட்டம். விக்கிறது நீங்க. உங்க பேரு வந்தே ஆவணும்."

"இப்டிப் பேசிக்கினு இருந்தா உன் வேல பூடும்மா."

"பூட்டா இங்க வந்து கல்லு தேய்க்கிறேன்" என்று சிரித்தாள்.

மேனேஜரிடமும் போனில் அதையே சொன்னாள். அப்படியொரு தைரியத்தை நான் பார்த்ததில்லை. பெயர் வந்துவிட்டது. ஆனால் அந்தப் போனைப் பிடுங்கி, "பேரு இல்லன்னா கல்லு இல்ல" என்றவன் நான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.