முதல் ரெண்டு நொடி அழகு

அந்தத் தெருவில் அந்தப் போட்டோக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. 'இன்னொண்ணு' என்றால் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். படம் எடுத்து முடிந்தது என்று எல்லாரும் சிரிப்பை இறக்கி வைக்கிற நேரம் பார்த்து, "இன்னொண்ணு!" என்று கையைத் தூக்குவார். அந்த இன்னொண்ணில்தான் நிஜமான முகம் விழும்.

நிறம் என்று வந்தால் மட்டும் மனுஷன் பூஜ்யம். அவரே படங்களைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் மணப்பெண்கள் எல்லாம் கேரட் நிறத்தில் வந்தார்கள். "ஆல்பத்தைப் பாத்துட்டு எங்க அப்பாவுக்கு மஞ்சக்காமாலைன்னு ரெண்டு பேர் விசாரிக்க வந்துட்டாங்க சார்" என்று ஒரு மாப்பிள்ளை இவர் வீட்டுக்கே வந்து சண்டை போட்டார்.

தொழிலைக் காப்பாற்றியது கட்டிக்கொண்டு வந்த மனைவி. பெயிண்ட் கடையில் பதினோரு வருஷம் நிறம் கலந்தவர். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் காட்டினால் போதும், அதில் எத்தனை சொட்டு கறுப்பு, எத்தனை சொட்டு மஞ்சள் என்று சொல்லிவிடுவார். கேமரா கண்டதை மெருகில்லாமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலை அவர் கையில் கொடுத்தால், மாநிறம் மாநிறமாக வரும், வெட்கம் வெட்கமாகவே வரும். வாடிக்கையாளர்களுக்கு அவர் 'கலர் அக்கா'.

குடும்பத்தில் குழப்பம் செய்தது படம் திருத்தும் சாஃப்ட்வேர். இன்னொண்ணு மாதத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து இறக்குவார். முப்பது நாள் சோதனைக் காலம் முடிவதற்குள் அடுத்ததன் மேல் ஆசை வந்துவிடும். பழையதில் அக்கா செய்த திருத்தம் எதுவும் புதியதில் தெரியாது. திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அடுப்பு பழகறதுக்குள்ள சமையக்கட்டையே மாத்தறீங்க" என்பார் அக்கா.

அப்படியிருக்கையில்தான் பெயிண்ட் கடை முதலாளி ஆள் அனுப்பினார். திரும்பி வந்தால் கலவைப் பிரிவு முழுக்க அக்கா பொறுப்பு. சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணுங்க. இனிமே மாறாதுன்னு எனக்கே நம்பிக்கை வரணும். வரலேன்னா நான் கடைக்குப் போறேன்" என்றார் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னார். அதனாலேயே அது வெறும் மிரட்டல் இல்லை என்று இன்னொண்ணுக்குப் புரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் முகம் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அக்கா இல்லாவிட்டால் அத்தனையும் கேரட்.

சனிக்கிழமை காலை. அக்காவின் தம்பி, கல்யாண வீடியோ எடுக்கிறவர், வேடிக்கை பார்க்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று சாஃப்ட்வேர், படம் ஒன்றே: முன்பல் விழுந்த ஒரு சிறுமி, சாம்பல் சுவர் ஓரம் நின்று சிரிக்கிறாள். இன்னொண்ணு புத்தம் புதியதை முதலில் திறந்தார்.

"பாரு, பாரு! தொடாமலே எப்படி ஜொலிக்குது!"

"இதையேதான் போன மாசமும் சொன்னீங்க மாமா."

"அது வேற, இது வேற மாப்ள."

"அதுக்கு முந்தின மாசமும் அது வேறதான்."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மௌஸ்ல இருந்து கையை எடுங்க. கொஞ்சம் காயட்டும்."

"கம்ப்யூட்டர்ல என்னம்மா காயணும்?"

அது பெயிண்ட் கடைப் பழக்கம். டப்பாவில் ஈரமாக இருக்கும் பெயிண்ட் ஒரு நிறம் காட்டும், சுவரில் காய்ந்ததும் வேறு நிறம் காட்டும். ஈரத்தைப் பார்த்து அவர் எதையும் சரி என்று சொன்னதில்லை.

ரெண்டு நொடி போயிருக்கும். படம் லேசாகத் துடித்தது. கன்னத்துச் சிவப்பு இறங்கி, ஜொலிப்பு மங்கிப்போனது.

"ஐயோ, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மாமா. ரா ஃபைலுக்குள்ள கேமராவே செஞ்ச சின்னப் படம் ஒண்ணு ஒட்டியிருக்கும். திறந்ததும் அதைத்தான் முதல்ல காட்டும். முழுசாப் படிச்சதுக்கப்புறம் வர்றதுதான் சாஃப்ட்வேரோட சொந்தப் படம்."

மற்ற இரண்டையும் திறந்தார்கள். முதல் ரெண்டு நொடி அச்சு அசலாக அதே ஜொலிப்பு!

"அப்ப நான் மாசா மாசம் மயங்கினது?"

"நம்ம கேமராவைப் பாத்துத்தான்" என்றார் அக்கா. தம்பி சிரித்த சிரிப்பில் ஸ்டூலோடு சாயப் போய் மேசையைப் பிடித்துக்கொண்டார். இன்னொண்ணு சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

அக்கா மூன்றிலும் சிறுமியின் முகத்தைக் கொஞ்சம் திருத்தினார். பிறகு, "இப்ப ஃபோல்டர் பேரை மாத்துங்க. எப்படியும் மாத்தத்தானே போறீங்க" என்றார். பெயரை மாற்றியதும் இரண்டு சாஃப்ட்வேர் படத்தையே காணோம் என்று கேள்விக்குறி போட்டன. நடுவில் இருந்தது மட்டும், திருத்தத்தைப் படத்துக்குப் பக்கத்திலேயே குட்டி ஃபைலாக வைத்திருந்ததால், திருத்தம் குலையாமல் படத்தைக் காட்டியது. பார்க்க அந்த நடு சாஃப்ட்வேர் அழகில்லாமல் ஆபீஸ் இரும்பு பீரோ மாதிரி இருந்தது.

"உனக்கு எதும்மா?"

"நான் சொல்லமாட்டேன். மாறுறது நீங்க, நீங்க சொல்லுங்க."

இன்னொண்ணு ஃபோல்டருக்குப் பழைய பேரையே திரும்ப வைத்து, மூன்று படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது. எனக்குத் தெரியாத வேலைக்கு இத்தனை நாளா நான் சாமான் வாங்கிட்டு இருந்திருக்கேன்."

பீரோவைத் தவிர மற்ற இரண்டையும் அழித்தார். எழுந்து நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினார். "இந்தக் கம்ப்யூட்டர்ல இனிமே எதைப் புதுசா ஏத்தணும்னாலும் பாஸ்வேர்டு கேக்கும். அதை நீயே போடு. எனக்குச் சொல்லாத."

"கெஞ்சுவீங்க."

"கெஞ்சினாலும் சொல்லாத."

இன்னொண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தம்பியையும் பிடித்துத் திருப்பினார். பின்னால் விசைப்பலகை தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"எவ்ளோ நீளம்க்கா?"

"உங்க மாமா ஆசை அளவுக்கு."

தட்டி முடித்த அக்கா போனை எடுத்தார். "வணக்கம் முதலாளி. இல்லைங்க, வரல. இங்கயே முழுப் பொறுப்பும் வந்துடுச்சு."

போனை வைத்ததும் இன்னொண்ணு மெல்லத் திரும்பினார். "யாரு குடுத்தது, முழுப் பொறுப்பு?"

"யாரும் குடுக்கல. நாந்தான் எடுத்துக்கிட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அக்கா.